பொறுமையுடன் காத்திருக்கவும்

சுவாச நல வாரியத்தின் இணையதளத்தில் ஒரு பொத்தான் சாம்பல் நிறத்திலிருந்து கருநீலத்துக்கு மாறியது. அதற்காக வாரியம் கோலார் தங்க வயலில் விழா எடுத்தது. மேடை போட்டார்கள், சால்வை போர்த்திக்கொண்டார்கள், பொத்தானின் படத்தைக் கதவளவுக்கு அச்சடித்து மாலையும் போட்டார்கள். நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் இதுபோன்ற அலுவலகம் எதிலும் கால் வைக்காத பாக்கியசாலிகள். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

சுரங்கத்தில் வேலை செய்து, கல்தூசியை நுரையீரலில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களுக்காக ஏற்பட்டது வாரியம். சுரங்கத்தை மூடிப் பல வருஷம் கழித்து, தூசி மட்டும் இன்னும் உள்ளேயே இருக்கிறது என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. உடனே பெங்களூரில் ஒரு குளிரூட்டிய அலுவலகம் திறந்தார்கள். மூச்சுத் திணறுகிறவர் வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வேண்டுமென்றால் வாரியத்தின் இணையதளத்தில் கேட்க வேண்டும். ரயிலேறி நேரில் வந்தவர்களை, "மூச்சு வாங்கற உங்களை அலைய விடக்கூடாதுன்னுதான் ஆன்லைனே" என்று சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

இணையதளம் எளிமையானது. பெயர், முகவரி போட்டு 'விண்ணப்பி' என்ற பொத்தானை அழுத்தினால் அடுத்த பக்கம் வரும். அதில் இப்படி எழுதியிருக்கும்: 'தங்கள் கோரிக்கை பெறப்பட்டது. வாரியம் தொடர்பு கொள்ளும்வரை பொறுமையுடன் காத்திருக்கவும்.' அதற்கும் கீழே 'உறுதி செய்' என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அதையும் அழுத்தினால்தான் கோரிக்கை வாரியத்துக்கு வந்து சேரும். அந்த இரண்டாவது பொத்தானின் நிறத்துக்கு வாரியத்தின் கையேட்டில் 'பனிப்புகைச் சாம்பல்' என்று பெயர். வெள்ளையடித்த சுவரில் சுண்ணாம்பால் எழுதியது போல இருக்கும்.

இந்த இணையதளத்தைக் கவனித்துக்கொள்ள ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவள் கரோலின். தங்க வயலில் மைசூர் மைன்ஸ் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டிலிருந்து தினமும் விடிவதற்கு முன் கிளம்பி, ரயிலில் பெங்களூர் போய் வருகிறவள். முதல் பொத்தானை அழுத்துகிறவர்கள் ஏராளமாகவும் இரண்டாவதை அழுத்துகிறவர்கள் விரல்விட்டு எண்ணும்படியும் இருப்பதை ஒருநாள் அவள் கவனித்தாள். தொழில்நுட்ப அதிகாரி ரூபேஷிடம் போய்ச் சொன்னாள்.

ரூபேஷ் மலர்ந்துவிட்டார். "அப்போ மீதிப் பேருக்கெல்லாம் மூச்சு சரியாயிடுச்சுன்னுதானே அர்த்தம்? வருஷ அறிக்கையில இதைப் போட்டுடலாம்."

"இல்ல சார். அந்தப் பட்டன் அவங்க கண்ணுக்கே தெரியல. பாதிப் பேருக்குக் கண்ல புரை. அதை மட்டும் கருநீலமா மாத்திட்டா போதும்."

"ஒரு பட்டனுக்கு மட்டும் தனிச் சலுகை குடுத்தா மத்த பட்டன் எல்லாம் எதுக்கு இருக்கு? எல்லாம் ஒரே நிறம், அதான் நம்ம பாலிசி. மாத்தினா எல்லாத்தையும் மாத்தணும்."

சாம்பல் நிறம் நூற்றுக்கணக்கான இடங்களில் கையால் எழுதப்பட்டிருந்தது. அதனால் கரோலின் ஒரு யோசனை சொன்னாள். சாஸ் என்று ஒரு கருவி உண்டு. நிறத்துக்கு ஒரு பெயர் வைத்து ஒரே ஒரு இடத்தில் எழுதிவிட்டு மற்ற இடங்களில் பெயரை மட்டும் போடலாம். உலாவிக்குப் புரிகிற பழைய பாஷையில் சாஸே அதை மாற்றி எழுதித் தந்துவிடும். பிறகு நிறத்தை மாற்ற ஒரு வரியைத் திருத்தினால் போதும். நிறுவுவதற்கும் ஒரே வரிதான். தட்டினால் மூச்சை ஒருதரம் இழுத்து விடுவதற்குள் முடிந்துவிடும். இழுத்து விட முடிகிறவர்களைச் சொல்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று அவள் மனதார நம்பினாள், பாவம்.

கரோலினின் அப்பா இன்பராஜ் சுரங்கத்தில் பெல்மேனாக இருந்தவர். ஷாஃப்ட்டுக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டுக்குக் கீழிருந்து மணி அடித்துச் சொல்கிற வேலை. அடித்தால் மேலே இன்ஜின் டிரைவர் அதே மணியைத் திருப்பி அடிப்பார். அந்தப் பதில் மணி வராமல் மறுபடி மணிக் கயிற்றில் கை வைக்கக் கூடாது. வைத்தால் மேலே இருப்பவருக்கு அது வேறு கட்டளை ஆகிவிடும். கேஜில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக ஆள் நிற்கும்போது கேஜ் நகர்ந்துவிடும். பாலகாட் சுரங்கத்தில் அப்படிப் போன ஒருவரை இன்பராஜ் தன் கையால் எடுத்திருக்கிறார். சுரங்கம் மூடியும் அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. அடுத்த வீட்டு வாசலில் ஒரே தரம் கூப்பிட்டுவிட்டு, பதில் வரும்வரை வெயிலில் நிற்பார். கரோலினுக்கு ஃபோன் போட்டு அவள் எடுக்காவிட்டால் அவளாகக் கூப்பிடும்வரை ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மனைவி ஐடா, "இன்னொரு தரம் கூப்பிட்டா இன்னா, வாய் தேஞ்சிடுமா?" என்று இதற்காகவே ஆயுசு முழுக்கச் சண்டை போட்டவள்.

இப்போது அவரால் வாசல்வரை நடக்க முடியவில்லை. காற்றடித்தால், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சைனைட் மேட்டுத் தூசி வீட்டுக்குள் வரும் என்று ஐடா ஜன்னலை மூடுவாள். மூடினால் மூச்சு முட்டுகிறது என்று அவர் திறப்பார். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தார்.

"டாடி, மெஷினுக்கு நான் போட்டுத் தரட்டுமா?" என்று கரோலின் கேட்டிருந்தாள்.

"நானே போட்டுட்டேம்மா. நீ அங்க வேலை செய்ற பொண்ணு, நீ போட்டா சிபாரிசுன்னு பேசுவாங்க."

"சரியா போச்சா?"

"அடிச்சாச்சு. பதில் வரும். மூச்சு இப்போ பரவால்லாமதான் கீது."

ஒப்பந்த ஊழியர்கள் எண்ணிக்கையைப் பார்க்கலாம், பெயர்களைப் பார்க்கக் கூடாது. அது வாரியத்தின் விதி. அப்பாவின் கோரிக்கை எங்கே நிற்கிறது என்று ரூபேஷிடம் கேட்டுப் பார்த்தாள். "உன் அப்பாவுக்குன்னு பார்த்தா நாளைக்கு எல்லாரும் அவங்கவங்க அப்பாவுக்குக் கேப்பாங்க" என்றார் அவர். எல்லாருடைய அப்பாக்களுக்காகவும் ஏற்பட்டதுதான் அந்த வாரியம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

சாஸ் விவகாரம் தர அதிகாரி விநாயக்கிடம் போனது. 'பொறுமையுடன் காத்திருக்கவும்' என்ற வாக்கியத்தை இயற்றியவர் அவர்தான். அதை வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகக் கேள்வி. அவர் கேட்ட முதல் கேள்வி, "விலை என்ன?"

"இலவசம் சார்."

விநாயக் கண்ணாடியைக் கழற்றினார். "இலவசமா இருந்தா டெண்டர் எப்படி விடறது?"

விதிப்படி மூன்று பேராவது போட்டியிட வேண்டும். ஆகவே லெஸ், ஸ்டைலஸ் என்ற வேறு இரண்டு கருவிகளையும் போட்டிக்கு அழைக்கும்படி உத்தரவானது. அவையும் இலவசம். மூன்றுக்கும் பூஜ்யம் என்று பதிவாகி, குறைந்த விலை யாருடையது என்பதில் சிக்கல் வந்தது. தணிக்கைப் பிரிவுக்குப் போனது. தணிக்கைப் பிரிவு நீண்ட யோசனைக்குப் பிறகு, மூன்றில் எது 'நியாயமான பூஜ்யம்' என்று விளக்கம் கேட்டு எழுதியது. கரோலின் அந்த விளக்கத்தை எழுதிக் கொடுத்தாள். அதற்குள் மாமரங்கள் பூவிட்டுக் காய்த்து ஓய்ந்திருந்தன.

ஒருவழியாக நிறுவும் நாள் குறித்தார்கள். ராகு காலம் பார்த்துக் குறித்தது இயக்குநர் மமதா மேடம். மடிக்கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். கரோலின் அந்த ஒரு வரியைத் தட்டினாள். கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிட்டது.

"ஆயித்தா? முடிஞ்சுதா?" என்றார் மமதா மேடம். முகம் விழுந்துவிட்டது. "இவ்வளவுதானா? ஃபோட்டோகிராபர் இன்னும் லென்ஸே மாட்டலையே. அதை எடுத்துட்டு மறுபடி மெதுவா போடும்மா."

கரோலின் எடுத்துவிட்டு மறுபடி மெதுவாகப் போட்டாள். நிறங்களெல்லாம் எழுதியிருந்த பழைய ஸ்டைல் கோப்பின் பெயரைச் சாஸுக்கு ஏற்றபடி மாற்றி, செயலியை ஓடவிட்டாள். ஓடியது. கூடவே திரையில் மஞ்சள் எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. கோப்புகளைச் சேர்க்கும் பழைய முறை வருங்காலத்தில் நீக்கப்படும் என்று சாஸ் வழக்கமாகச் சொல்கிற விஷயம்தான்.

"அது ஒண்ணுமில்ல மேடம். ஒரு வார்த்தைய மாத்தினா போயிடும்."

"எச்சரிக்கை விட்டது யாரு?" என்றார் விநாயக். "வாரியத்தை எச்சரிக்க அதுக்கு என்ன அதிகாரம்?"

விசாரணைக் குழு அமைந்தது. சாஸை எழுதியவர்கள் முத்திரையிட்ட தாளில் விளக்கம் தர வேண்டும் என்று குழு கேட்டது. அவர்கள் எங்கேயோ இருந்தார்கள். அவர்களிடம் முத்திரை இல்லை. கரோலின் ஒரு சாயங்காலம் சத்தமில்லாமல் அந்த ஒரு வார்த்தையை மாற்றினாள். எச்சரிக்கை போய்விட்டது. எச்சரித்தவர் மிரண்டு பின்வாங்கிவிட்டதாகக் குழு அறிக்கை கொடுத்தது. குழுவுக்கு வாரியம் மதிய விருந்து கொடுத்தது.

அந்த மாதங்களில் அவள் ரயிலில் உட்காரும்போதெல்லாம் அப்பாவின் மூச்சுச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வழியில் பங்காருப்பேட்டையில் இறங்கி வீட்டுக்கே ஓடிப்போய்விடலாமா என்று தோன்றும். இந்த வேலையை விட்டால் அப்பா மாதிரி அங்கே தவிக்கிறவர்களுக்கு அந்தப் பொத்தான் என்றைக்கும் தெரியாமலே போய்விடும் என்று இறங்காமலே உட்கார்ந்திருப்பாள். அப்பாவுடைய கோரிக்கை எங்கோ வரிசையில் நகர்ந்துகொண்டிருக்கிறது, மற்றவர்களுடையதுதான் பாக்கி என்று அவள் நினைத்திருந்தாள்.

பிறகு பெயர் வைக்கும் சிக்கல். நிறத்துக்குச் சாஸில் ஒரு பெயர் வேண்டும். கரோலின் 'முதன்மை நிறம்' என்று வைத்திருந்தாள். கணக்குப் பிரிவு, தங்கள் பக்கத்து நிறம் இரண்டாம் பட்சமா என்று கேட்டது. மக்கள் தொடர்புப் பிரிவும் கேட்டது. சமரசமாக, எல்லாப் பிரிவின் நிறமும் முதன்மை நிறம் என்று தீர்மானமாயிற்று. ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டளைகளை அடுக்கி எழுதும் வசதியும் சாஸில் உண்டு. அதைப் பார்த்த விநாயக், இயக்குநரின் படம் வரும் பகுதி எதற்குள்ளேயும் அடங்கி இருக்கக் கூடாது, மற்றவை எல்லாம் பதவி வரிசைப்படி அதற்குள் அடங்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அப்படி எழுதியபோது பயனாளிகளின் பக்கம் மேடத்தின் படத்துக்குள் போய் மறைந்துவிட்டது. "நல்லாத்தானே இருக்கு" என்றார் ரூபேஷ்.

கரோலின் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள்.

"சார், ஆளுங்க செத்துட்டு இருக்காங்க சார். போன மாசம் எங்க லைன்ல ரத்தினம்மா புருஷன் போயிட்டாரு. அவரும் போட்டிருந்தாரு, கடைசி வரைக்கும் மெஷின் வரல."

ரூபேஷுக்கு நிஜமாகவே வருத்தம். "அதனாலதான் சொல்றேன், அவசரப்படக் கூடாது. இந்த மாதிரி நேரத்துல ஒரு நிறத்தைத் தப்பாத் தேர்ந்தெடுத்துட்டா அவங்க குடும்பத்துக்கு நாம என்ன பதில் சொல்றது?"

கரோலின் தன் இடத்துக்குப் போய், பயனாளிகளின் பக்கத்தை மேடத்தின் படத்துக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள். 

கருநீலம் கடைசியில் அங்கீகாரம் பெற்றது. மமதா மேடத்தின் புதுப் புடவை அந்த நிறத்தில் இருந்ததுதான் காரணம். விழாவைத் தங்க வயலிலேயே வைப்பது, பயனாளி ஒருவர் மேடைக்கு வந்து பொத்தானை அழுத்துவது என்று முடிவானது. யாரைக் கூப்பிடுவது என்று யோசித்து, நம் கரோலினின் தகப்பனாரே இருக்கிறாரே என்றார்கள்.

கரோலின் வீட்டில் வந்து சொன்னாள். இன்பராஜ் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

"மேடைக்கெல்லாம் ஏற முடியாதும்மா. மெஷின் வந்துடட்டும், அதைத் தூக்கினு வரேன்."

மெஷின் வரவில்லை. விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஐடா கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் போய்விட்டார். பக்கத்தில் இருந்தது கரோலின் மட்டும்தான். அவர் வாய் திறந்து திறந்து மூடியதையும், காற்று அறை நிறைய இருந்தும் அவருக்குள் போகாததையும் அவள் பார்த்தாள். அதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

விழாவை ஒத்திவைக்கவில்லை. சால்வைகள் வாங்கியாகிவிட்டது. மமதா மேடம் ஒரு நிமிஷ மௌனத்துக்கு அழைத்துவிட்டு, அது முடியுமுன்னே பேசத் தொடங்கினார்.

"நம்ம பயனாளிகள் கிட்ட நாம கத்துக்க வேண்டியது பொறுமை. வருஷக் கணக்கா ஒரு புகார் இல்ல, ஒரு போராட்டம் இல்ல. காத்திருக்கச் சொன்னோம், காத்திருந்தாங்க. இப்படிப்பட்ட மக்கள் கிடைக்க வாரியம் குடுத்து வச்சிருக்கணும். மறைந்த இன்பராஜ் அவர்களும் கடைசி மூச்சு வரைக்கும் வாரியத்து மேல நம்பிக்கை வச்சிருந்தார்னு கேள்விப்பட்டேன். இதைவிட ஒரு அலுவலகத்துக்கு வேற என்ன சான்றிதழ் வேணும்?"

கைதட்டினார்கள். மேடமே பொத்தானை அழுத்தினார்.

கரோலின் அங்கே இல்லை. வீட்டில் அப்பாவின் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஓரத்தில் அவருடைய ஃபோன் சார்ஜரிலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தாள். வாரியத்தின் பக்கம், அவர் விண்ணப்பித்த நாளிலிருந்து புதுப்பிக்காமல், திறந்தே இருந்தது. 'தங்கள் கோரிக்கை பெறப்பட்டது. வாரியம் தொடர்பு கொள்ளும்வரை பொறுமையுடன் காத்திருக்கவும்.' அதற்குக் கீழே பனிப்புகைச் சாம்பல் நிறத்தில் 'உறுதி செய்', யாரும் தொடாமல் அப்படியே.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "மம்மி, இது டாடி கண்ணுக்குத் தெரியவே இல்ல. இவ்ளோ நாளா அவர் போடவே இல்ல."

ஐடா வந்து பார்த்தாள். "தெரியாம இன்னா? எனக்கே தெரிஞ்சுது, நான்தான் காட்னேன். கீழ இன்னொண்ணு கீதே, அதையும் அமுக்குங்கன்னேன். 'அடிச்சாச்சு, காத்திருன்னு எழுதியும் கீது. அந்தப் பக்கத்துல இருந்து மணி வராம நாம கை வைக்கக் கூடாது'ன்னாரு. உனக்குத்தான் தெரியுமே அவர."

கரோலினுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்தும், அவருடைய ஊர் முழுக்க அதே ஷாஃப்ட்டில் அதே மணிக்குக் காத்திருந்து பழகினவர்கள் என்று தெரிந்தும், அவள் நிறத்துக்காகத்தான் சண்டை போட்டாள். தினமும் பார்த்த அந்த வாக்கியம் அவள் கண்ணில் படவே இல்லை. கருநீலமாக இருந்திருந்தாலும் அவர் தொட்டிருக்க மாட்டார். அவள் அழுதாள். அடக்கச் சடங்கில்கூட அப்படி அழவில்லை.

அழுது முடித்து மடிக்கணினியைத் திறந்தாள். விநாயக்கின் வாக்கியத்தை அழித்தாள். இரண்டாவது பொத்தானையே எடுத்துவிட்டாள். முதல் பொத்தானை அழுத்தினால் கோரிக்கை நேராக வாரியத்துக்குப் போய்ச் சேரும்படியும், சேர்ந்ததும் பதிலாக ஒரு மணி அடிக்கும்படியும் எழுதினாள். யாரிடமும் கேட்கவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அனுமதியற்ற ஒலி எழுப்பியதற்காக மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது, அதற்கும் ஒரு குழு போட்டார்கள். அது மறுநாள் கதை.

அன்றைக்கு அவள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அப்பாவின் ஃபோனிலேயே பக்கத்தைப் புதுப்பித்தாள். அவருடைய பெயர் அப்படியே இருந்தது. ஒரே ஒரு தரம் அழுத்தினாள். கணீரென்று மணி அடித்தது.

சமையலறையிலிருந்து ஐடா ஈரக் கையோடு ஓடி வந்தாள். வந்தவள் ஜன்னல் ஓரத்து நாற்காலியைப் பார்த்து நின்றாள்.

"இன்னாங்க," என்றாள் நாற்காலியிடம், "வந்துடுச்சு பாருங்க."

பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.